தைலம் போட்ட கோடுகள்

ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. முடியாது, வேண்டாம், தப்பு என்று அதன் உறவுக்காரச் சொற்களும் வந்ததில்லை. லீவு கேட்டால் கொடுக்க மாட்டார். ஆனால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார். முகம் மலர்ந்து, நாற்காலியைத் திருப்பி, “டீ சொல்லட்டுமாம்மா?” என்பார். போனை எடுத்து சந்து முனைக் கடைக்கு ரெண்டு டீ சொல்லிவிட்டார் என்றால் கேட்டது கிடைக்காது என்று அர்த்தம். பிஸ்கட்டும் சேர்த்துச் சொன்னால் இனிமேல் அதைக் கேட்கவே வேண்டாம் என்று அர்த்தம்.

ஆபீசில் இது எல்லோருக்கும் தெரியும். அவர் அறையிலிருந்து யாராவது வெளியே வந்தால், “இன்னா ஆச்சு?” என்று கேட்போம். “டீதான்” என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்போம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் எங்கள் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ. சினிமாவுக்காகப் படம் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒன்றாகச் சேர்த்து, சேர்த்ததே தெரியாமல் செய்வது எங்கள் வேலை. பச்சைத் துணிக்கு முன்னால் நின்ற கதாநாயகனை மலை உச்சியில் நிறுத்துவோம். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை அழிப்போம். இதில் எது அசைந்தாலும் அந்த அசைவு மென்பொருளுக்குள் ஒரு கோடாக இருக்கும். இடமிருந்து வலம் போனால் நேரம், ஃபிரேம் ஃபிரேமாக. கீழிருந்து மேல் போனால் அளவு. பத்தாவது ஃபிரேமில் ஒரு புள்ளி, நூறாவதில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் நடுவில் உள்ளதைக் கோடு பார்த்துக்கொள்ளும். புள்ளியை ‘கீ’ என்போம், கோட்டைக் ‘கர்வ்’ என்போம். நேர்கோடாக விட்டால் பொருள் திடுக்கென்று கிளம்பித் திடுக்கென்று நிற்கும். கோட்டின் இரண்டு முனைகளையும் வளைத்துவிட்டால் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும்.

நாங்கள் எல்லோரும் கர்வை மௌஸால் பிடித்து இழுத்து வளைத்துக்கொண்டு கிடப்போம். அவர் மௌஸைத் தொடவே மாட்டார். ஸ்கிரிப்ட் எழுதுவார். ஒரே ஒரு வரி. அந்த வரி இருபது கோடுகளை ஒரே நேரத்தில் வளைத்துக் கொடுக்கும். அவர் எழுதியதிலேயே பேர் வாங்கியது ஒரு ஸ்கிரிப்ட். அதற்கு அவர் வைத்த பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. நாங்கள் வைத்த பெயர் தைலம். எந்தக் கர்வையும் அதன் கையில் கொடுக்கலாம். ஒவ்வொரு ஃபிரேமிலும் நின்று, இந்தப் பக்கம் பதினைந்து அந்தப் பக்கம் பதினைந்து ஃபிரேம்களைப் பார்த்து, நடுவில் துருத்திக்கொண்டிருப்பதைச் சராசரிக்கு இழுத்துப் போட்டுவிடும். உதறல், நடுக்கம், துள்ளல் எல்லாம் போய் கோடு வழவழவென்று வந்து நிற்கும்.

“தெரியாம ஆரம்பிக்கணும், தெரியாம முடியணும்மா. பாக்கறவனுக்குத் தெரிஞ்சுட்டா நாம தோத்துட்டோம்னு அர்த்தம்” என்பார்.

ஆளும் அப்படித்தான். அவர் அறைக் கதவு சாத்துகிற சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. கைப்பிடியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டே போய் அலுங்காமல் விடுவார். தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்தால், இவர் வண்டி அதற்கு வெகு தூரம் முன்பிருந்தே வேகம் குறைந்துகொண்டு வரும். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் இவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார். ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து போனேன். வண்டி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். சொல்ல முடியவில்லை. என் அப்பா இறந்தபோது பத்து நாள் கழித்து ஆபீஸ் போனேன். என்ன பேசுவார்களோ என்று பயந்துகொண்டு போனேன். அவர் துக்கம் விசாரிக்கவே இல்லை. முதல் நாள் ஒரே ஒரு ஷாட் கொடுத்தார், வானத்தில் ஒரு மேகத்தை நகர்த்துகிற ஷாட். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் கடினமானது. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது பழையபடி முழு வேலையும் என் மேசையில் இருந்தது. நடுவில் எந்த நாளில் நான் தேறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுதேன். அப்பாவுக்காக அழுததில் பாதி அன்றைக்கு அவருக்காகவும் அழுதேன். இப்படி ஒரு மனிதருக்குக் கீழே வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தீபாவளி சமயத்தில் தெரிந்தது. அவர் குடும்பம் தெற்கிலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்த குடும்பம். இவர் ஒருத்தர்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். மாம்பழ மஞ்சளில் ஒரு பருத்திச் சேலை வேண்டும் என்று அந்தக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா ஜரிகை இல்லாமல் கத்தரிப்பூ நிறம் கேட்டார். விற்பனைக்கு நின்றவர் ‘இதப் பாருங்கம்மா’ என்று ஒன்றை விரித்தார். ‘இதப் பாருங்க’, இன்னொன்று. மேசை நிறையச் சேலை மலை. அந்த அம்மா பச்சையில் கையகல ஜரிகையோடு ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார். கல்லாவில் எங்கள் சாருடைய அண்ணன் இருந்தார்.

“அந்தக் கலர் உங்ககிட்ட இருக்கா சார்?” என்று கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்கம்மா இருக்கு? ஆனா இல்லங்கிற வார்த்தை வந்துச்சுன்னா அவங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்கல்ல. வேலைக்குச் சேருற அன்னைக்கே சொல்லிருவோம். இதப் பாருங்க, இதப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எதுக்கு வந்தோம்னே மறந்துரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியின் சிரிப்பேதான்.

நான் அரக்கு நிறத்தில் ஒரு பட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் கட்டாமல் பீரோவில் கிடக்கிறது.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

செல்வி எங்களிடம் கையால் கீ போடுகிறவள். கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடிக்க முடியாத அசைவை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். நடிகரின் தலைமுடி ஓரத்தைச் சுற்றி வரைய வேண்டும். கண்ணும் கழுத்தும் போகிற வேலை. அதில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரிலும் செல்வியின் கை தனி. அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவளும் அவள் அம்மாவும்தான். துண்டு துண்டான படங்களை ஒன்றாகச் சேர்க்கிற காம்ப் ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டும், எங்கள் வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு வருடமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை டீ குடித்திருப்பாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

ஒரு படத்தில் பஸ் சண்டை ஒன்று வந்தது. பஸ் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே இருப்பவர்கள் ஆடி விழுந்து நடித்துவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே ஓடுகிற தெரு எங்கள் வேலை. டிரைவர் சடன் பிரேக் போடுகிற இடத்தில் வெளித்தெருவும் குலுங்க வேண்டும். பதினொரு ஷாட். செல்வி மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் குலுக்கலை ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் போட்டிருந்தாள். அவர் வழக்கம்போல் பதினொன்றுக்கும் தைலத்தை ஓட்டிவிட்டார். தைலத்துக்கு நடுக்கம் எது, அடி எது என்று என்ன தெரியும்? இரண்டையும் ஒன்றாகத் தடவிவிட்டது.

டைரக்டர் வந்து பார்த்தார். “என்ன சார் இது? உள்ள ஆளுங்க தலைகுப்புற விழறாங்க. வெளிய தெரு படகுல போற மாதிரி போகுது. பிரேக் எங்க?”

“சூப்பரா கவனிச்சிருக்கீங்க சார்” என்றார் இவர். “அத வேற லெவலுக்குக் கொண்டு போகலாம்னு இருக்கோம். டீ சொல்லட்டுமா?”

டீ வந்து, டைரக்டர் அதைக் குடித்து முடிப்பதற்குள் நாலு வரி எழுதினார். பிரேக் போடுகிற ஃபிரேமில் ஒரு குலுக்கல் எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்படி ஒரு கணக்கு. பதினொரு ஷாட்டிலும் ஒரே மாதிரி போட்டுக் காட்டினார். டைரக்டருக்குச் சந்தோஷம். கை கொடுத்துவிட்டுப் போனார். செல்வி போட்டது பழைய ஃபைலில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து மாட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் மாட்டினால், தைலம் போட்டது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா?

செல்வி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் போட்டது அடி சார்” என்றாள். “இது அடி மாரி நடிக்குது.”

அவர் முகம் மாறவே இல்லை. “செல்விம்மா கண்ணு யாருக்கு வரும்! அடுத்த படத்துல உன்னோடதை வச்சே பண்றோம், பாத்துக்கிடலாம்” என்றார். அவளும் சிரித்துவிட்டு இடத்துக்குப் போனாள். அவர்மீது கோபப்பட யாராலும் முடியாது. கோபம் பிடித்துக்கொள்ள ஒரு மூலை வேண்டும். அவரிடம் மூலையே கிடையாது.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்த ஃபைலைப் பார்த்தேன்.

அவர் வெளியே ஒரு டைரக்டரைப் பார்க்கப் போயிருந்தார். எனக்குப் போன் செய்து, தன் கம்ப்யூட்டரில் இருந்து பஸ் குலுக்கல் ஸ்கிரிப்டை எடுத்து அனுப்பச் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியாகத் திறந்த ஃபைல் அதுதான் என்று நினைத்து வேறொன்றைத் திறந்துவிட்டேன். உள்ளே படமே இல்லை. வெறும் கர்வ்கள். கலர் கலராகக் கோடுகள்.

அவருக்கு எதையும் கர்வாகப் போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. தன் மகள் வளர்ந்த உயரத்தைக்கூடப் பிறந்த மாதத்திலிருந்து கீ போட்டு வைத்திருந்தார். அதனால் இதுவும் அப்படி ஏதோ என்று மூடப் போனேன். அப்போதுதான் கோடுகளுக்குப் பெயர் இருப்பதைக் கவனித்தேன். எல்லாம் எங்கள் பெயர்கள்.

கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். கீழே ஓடியது ஃபிரேம் எண் அல்ல, நாள். ஒன்று என்பது அந்த வாரத் திங்கட்கிழமை. மேலே போனது ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கொடுக்கிற ஷாட்களின் எண்ணிக்கை. கையால் கீ போடுகிற ஏழு பேரின் கோடுகளும் மேலே ஆரம்பித்து, கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு மெல்ல வளைந்து இறங்கின. தரையைத் தொடுகிற இடத்திலும் அதே மென்மை. ஏழு கோடும் ஒரே நாளில் இறங்கவில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் சில நாட்கள் விட்டு, யாரும் யாரையும் பார்த்துச் சந்தேகப்படாதபடி இறங்கின. கையால் வரைந்ததில்லை. ஒரே வரி ஸ்கிரிப்ட், ஆளுக்கு ஒரு எண். தொண்ணூறாவது நாளுக்குள் ஏழும் பூஜ்யம்.

அந்த வேலை முழுவதையும் வெளியே வேறொரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். முன்னாடியே சொன்னால் ஏழு பேரும் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள், கையில் இருக்கிற படம் நின்றுவிடும். அதனால் சொல்லாமல், தெரியாமல், தைலம் போட்டு.

அப்பா இறந்த பிறகு எனக்கு வேலை கூடிக்கொண்டு வந்ததே, அதே வளைவு. தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான்.

என் பெயரைத் தேடினேன். இருந்தது. பச்சைக் கோடு. தொண்ணூறு வரை மேலேயே, அலுங்காமல் நேராகப் போனது. எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, நிம்மதி. இதை மறைத்து எழுதி இனி என்ன ஆகப் போகிறது? அப்பாடா என்று இருந்தது. ஃபைலை மூடிவிட்டு, அவர் கேட்டதைத் தேடி எடுத்து அனுப்பினேன். “தேங்க்ஸ்ம்மா” என்று பதில் வந்தது.

அந்த வாரமே செல்வி சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

“அக்கா, ஹைதராபாத்ல ஒரு கம்பெனில கூப்டுக்கீறாங்க. காம்ப் வேலைக்கா! ஆயாவயும் இட்டுக்கினு போலாம், தங்கறதுக்கு எடம் குடுக்கறாங்க. வெள்ளிக்கெயமக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

அவள் அம்மாவைத்தான் ஆயா என்பாள். “அவர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொன்னேங்க்கா. ‘உன்ன மாதிரி கை எங்களுக்கு எங்க கெடைக்கும், அடுத்த மாசம் காம்ப்புக்கு மாத்தறதப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்’ன்றாரு.” டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். “டீயும் சொன்னாருக்கா. பிஸ்கட் வேற.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லுக்கா. நீ அவரு கூடவே கீற. உனுக்குத் தெரியாததா? போவட்டா, இங்கியே இருந்துக்கட்டா?”

‘போ’ என்று ஒரு எழுத்து. சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். ஃபைலைத் திறந்தது அவருக்குத் தெரிந்துவிடும். மேலே நேராகப் போய்க்கொண்டிருந்த என் பச்சைக் கோடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“அவசரப்படாதே செல்வி, நிதானமா யோசி. அவரு பாத்துப்பாரு” என்றேன்.

அவள் நிதானமாக யோசித்தாள். வெள்ளிக்கிழமை ஹைதராபாத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பிறகு எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தபடியே நடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரத்துக்குப் பன்னிரண்டு ஷாட் ஒன்பது ஆயிற்று. “எனுக்கு ரெஸ்ட் குடுக்கறாருக்கா, காம்ப்பு கத்துக்கறதுக்கு” என்றாள். ஒன்பது ஆறு ஆயிற்று. ஏசி நன்றாக வருகிற இடம் என்று அவளை வாசல் பக்கம் மாற்றினார்கள். அவள் எப்படிக் கீ போடுகிறாள் என்று ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய் என்றார்கள். அவள் படம் எல்லாம் போட்டு அழகாக எழுதிக் கொடுத்தாள். அந்த நோட்டு நேரே வெளிக் கம்பெனிக்குப் போயிற்று. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அப்புறம் மூன்று நாள்.

கடைசி நாள் அவரே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. “இது ஒரு சின்ன பிரேக்தான் செல்விம்மா. கூப்பிடுறேன், பாத்துக்கிடலாம்” என்றார். செல்வி அவரைக் கும்பிட்டாள். பஸ் ஏறுவதற்கு முன் என் காதருகில், “நல்ல மனுசன்க்கா” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிளக்கவில்லை. திரும்பி வந்து என் ஷாட்டை முடித்தேன். ஹைதராபாத்தில் அந்த இடத்துக்கு அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் எனக்கு ஷாட் குறைய ஆரம்பித்தது. என் பையனுக்குப் பரீட்சை இருப்பது தெரிந்து குறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் முதலிலேயே பார்த்தவள், அப்படியும் நினைத்துக்கொண்டேன். என் இடத்தை வாசல் பக்கம் மாற்றினார்கள். உண்மையிலேயே அங்கே ஏசி நன்றாகத்தான் வந்தது. ஒரு நாள் அவர் அறைக்குப் போய், “சார், என்னை அனுப்பப் போறீங்களா? நேராச் சொல்லிடுங்க” என்று கேட்டேன்.

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி” என்றார். கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. போனை எடுத்தார். டீயும் பிஸ்கட்டும் சொன்னார்.

நான் வேலையிலிருந்து போகிற அன்றைக்கு ஃபைல்களை ஒப்படைக்க உட்கார்ந்தபோது, எல்லோர் கம்ப்யூட்டரிலிருந்தும் ஃபைல்கள் தானாகப் போய்ச் சேருகிற பொது டிரைவில் அந்தக் கர்வ் ஃபைலைத் தேடினேன். இருந்தது. நான் முதல் தடவை பார்த்த நாளுக்குப் பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை என்று அதன் தேதி சொன்னது. திறந்தேன். அதே கோடுகள். தொண்ணூறு வரை நேராகப் போகிற என் பச்சைக் கோடு.

எங்கள் தொழிலில் புதிதாக வருகிற யாருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. திரையில் தெரிவது கர்வின் ஒரு துண்டுதான். விசைப்பலகையில் ஒரு விசை இருக்கிறது, அதைத் தட்டினால் கோடு முழுதும் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி வரும். அதைத் தட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதே. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சில சமயம் திட்டியும் சொல்லியிருக்கிறேன்.

தட்டினேன்.

கோடுகள் சுருங்கின. தொண்ணூறுக்கு அப்பால் இன்னும் அவ்வளவு நாட்கள் கிடந்தன. என் பச்சைக் கோடு நூற்றுச் சொச்சத்தில் மெல்ல வளைந்து, முந்நூறை ஒட்டித் தரையைத் தொட்டது. வழவழவென்று, எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி. எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேரின் கோடுகளும் இறங்கின. அவர் பெயர் மட்டும் அதில் கிடையாது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அன்றைக்கும் அது அப்படியேதான் இருந்தது. எனக்கு வேண்டியது தெரிந்தவுடன் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். ஒரு விசை தட்டியிருந்தால் ‘போ’ என்று சொல்லியிருப்பேன். அவளும் தப்பித்திருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். தட்டாததற்கு அவர் பொறுப்பு இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவர் இப்போது வேறு ஊரில் பெரிய இடத்தில் இருக்கிறாராம். அங்கே டீக்கடை பக்கத்திலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன். சாயங்காலம். அவள்தான் முதலில் கூப்பிட்டாள். “அக்கா! எப்டிக் கீற?”

வேளச்சேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருக்கிறாளாம். கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை எடுக்கிற வேலை. “ஒரு நாளைக்கு நூறு மூஞ்சி வருதுக்கா. எல்லாத்தயும் வெள்ளையாக்கணும்” என்று சிரித்தாள். அம்மா தவறிவிட்டார்களாம். டீக்கடை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் பஸ் இன்னும் வரவில்லை. அவரைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பேச்சு தீர்ந்த ஒரு இடத்தில் அவள் கேட்டாள். “அக்கா, மனசுல ரொம்ப நாளா ஒன்னு கீது. கேக்கட்டா?”

“கேளு.”

“ஹைதராபாத்து போவட்டான்னு உன்னாண்ட வந்து கேட்டேனே. எங்கள அனுப்பப் போறாங்கன்னு உனுக்கு அப்பவே தெரியுமா? ஆமாவா, இல்லியா, அத்த மட்டும் சொல்லு. நான் ஒன்னியும் சொல்ல மாட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எத்தனையோ நாள் இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆமாம் செல்வி, தெரியும், என்னை மன்னிச்சுக்கோ. மனப்பாடமாகவே இருந்தது. வாயைத் திறந்தேன்.

“டீ சொல்லட்டுமா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவளும் அந்த ஆபீசில் ஆறு வருடம் இருந்தவள். ஒரு நொடி என்னையே பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“வேணாங்க்கா” என்றாள். “எனுக்கு டீ வேணாம்.”

பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கடையை ஒட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தேன். “ரெண்டு டீயாம்மா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இல்லை” என்றேன். கடைக்காரரிடம் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது.